சாமியறையில் மீன் செதில்

9.11.1991, சனி. உரும்பிராய்.

மின்சாரம் இல்லாத ஊரில் ஆராய்ச்சிக்குத் தாக்குப்பிடிப்பவை மீன் செதிலின் உயிர்க்கலங்கள்தான். கண்ணாடித் தகட்டைப் பற்றிப் பற்றித் தாமாகவே ஊரும். கலத்தின் மேல் கைகள்போல இருக்கும் வாங்கிகளை எந்தப் புரதம் பிடிக்கவைக்கிறது, எது விடவைக்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. கொழும்பிலிருந்து மாதக்கணக்கில் காத்திருந்து எடுப்பித்த புரதத்தின் கடைசித் துளியையும் இன்று கண்ணாடியில் பூசி, செதிலை வைத்தேன். வீட்டில் குளிர்ந்த இடம் சாமியறை. அங்கே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தால், மனைவி எல்லாக் கண்ணாடியையும் சாம்பல் போட்டு மினுக்கி அடுக்கியிருக்கிறாள்!

கத்தினேன்.

"கந்தசஷ்டிக்குள்ளை முருகன்ரை காலடியிலை மீன் செதிலை வைச்சிட்டு என்னோடை கத்துறியளோ?" என்றாள்.

இந்தப் பரிசோதனை சரிவர வேண்டுமென்று நேர்ந்து விரதம் பிடிப்பதே நான்தான்.