உன் ஓட்டு யாருக்கு

பள்ளிவாசல்
மூணாறு வழி
3.2.2025

அன்புள்ள யோகாவுக்கு,

நலம்தானே? மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன பெண்டாட்டியிடம் ஓட்டுக் கேட்டு எழுதுகிற முதல் புருஷன் நானாகத்தான் இருப்பேன். சிரித்துவிட்டு மேலே படி.

நம் மைதானம் போகப் போகிறது. சுற்றுலா வண்டிகள் நிறுத்த எஸ்டேட் கம்பெனிக்கு இடம் வேண்டுமாம். இந்தச் சரிவில் பந்து உருண்டு தேயிலைக்குள் போகாத ஒரே இடம் அதுதான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளிர் பேஸ்பால் லீக்கில் இந்த வருஷக் கோப்பை நம்முடையது என்று மேனேஜரிடம் காட்டினேன். அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சிறந்த கோச்சு அவார்டு யாருக்கோ, அவரு கிரவுண்டுலதான அடுத்த வருசம் மேட்சு? அத வாங்கிட்டு வா. மேட்சு நடக்குற எடத்துல வண்டி விட முடியாதுன்னு நான் மேல எழுதுதேன்" என்றார்.

ஆறு பயிற்சியாளர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு, தனக்கே போட்டுக்கொள்ளக் கூடாது. கஞ்சிக்கோட்டு ரிஜின் எனக்குப் போட்டுவிட்டார். கொழிஞ்சாம்பாறை ஜெகனும் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மற்ற இருவரும் ரிஜின் பக்கம். மிச்சம் இருப்பது மீனாட்சிபுரம் அணிப் பயிற்சியாளரான உன் ஓட்டு.

நம் செல்வலட்சுமி இருக்கிறாளே, பந்து வீசுகிறவள், நேற்று கேட்டாள்: "கிரவுண்டு போச்சுன்னா நாங்க எங்க சார் போயி வெளாடுவோம்? ரோட்டுலயா?" அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன் யோகா. உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

அன்புடன்,
ராஜசேகர்

மீனாட்சிபுரம்
9.2.2025

வணக்கம்ங்க.

அப்பாவுக்குப் பரவாயில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாப்ளைக்கு ஓட்டு வேணும்னா நேர்ல வந்து கேக்கச் சொல்லு கண்ணு" என்றார்.

மைதானம் போகக் கூடாது என்றுதான் எனக்கும். ஆனால் விருது மைதானத்துக்கு இல்லை, பயிற்சியாளருக்கு. இந்த வருஷம் அது ரிஜினுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவருடைய அணிப் பெண்கள் எல்லாம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அப்பனுக்கு வேலை போனால் பாதி சீசனில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் புது முகங்கள், பேச ஒரு பொது மொழி கிடையாது. எல்லாம் கைச் சைகைதான். அந்த அணியை அவர் மூன்றாம் இடத்துக்குக் கொண்டு வந்தார்.

நீங்கள் ஜெயித்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஜெயிக்கிற அணி உங்கள் கையில் இருந்தது. அந்த அணியை முதலில் யார் யார் சேர்ந்து உருவாக்கினோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் நீங்கள் தேயிலைப் பாக்டரிக்குப் போன பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். மைதானத்துப் பெயர்ப்பலகையில் பயிற்சியாளர் என்று உங்கள் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "புருஷன் பேரு இருந்தா ஒம்பேரும் இருக்க மாதிரிதான" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் பஸ் ஏறினேன்.

யோகப்பிரியா

பள்ளிவாசல்
14.2.2025

அன்புள்ள யோகா,

நீ எழுதியது எல்லாம் சரி. ரிஜின் நல்ல மனிதர், அவருக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் ஜெயிக்கிற அணியை ஜெயிக்க வைப்பதும் வேலைதானே? தோற்றால் மட்டும் பயிற்சியாளரைப் பிடிக்கிறார்கள், ஜெயித்தால் பிள்ளைகளின் திறமை என்கிறார்கள். இது என்ன நியாயம்? மூன்றாம் இடத்துக்கு விருது என்றால் முதலிடத்துக்கு என்ன?

இருக்கட்டும், வாதத்துக்கு எனக்குத் தெம்பு இல்லை. முந்தாநாள் சர்வேயர் வந்து மைதானத்தில் குச்சி நட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் அதற்கு நடுவில் ஓடிப் பழகுகிறார்கள். ஒருத்தி தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். குச்சியைப் பிடுங்கிப் போடு என்று மனசு சொல்கிறது, பிடுங்கினால் பாக்டரி வேலையும் போகும். சாப்பாடு இறங்கவில்லை. நான் தகுதி இல்லாதவன் என்றே வைத்துக்கொள். தகுதி இல்லாதவனுக்கு ஒரு தடவை போட்டால் என்ன? உன் காலில் விழுகிறேன் என்று எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன்.

உன்
ராஜசேகர்

மீனாட்சிபுரம்
19.2.2025

அன்புள்ள மாமா,

போடுகிறேன்.

ரிஜினிடம் போனில் சொல்லிவிட்டேன். "சேச்சி, என்டே பிள்ளேர் அடுத்த வருஷம் எங்கே இருக்கும்னு எனக்கே தெரியாது. கிரவுண்டு அவங்களுக்கு நிக்கட்டும்" என்றார். அதன் பிறகு எனக்குத் தயக்கம் இல்லை. நாளைக்கே சீட்டை அனுப்புகிறேன். காரணம் என்ற இடத்தில், பத்து வருஷம் ஒரே மைதானத்தைக் காத்தவர் என்று எழுதுகிறேன். அது பொய் இல்லை.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஓட்டை எனக்குப் போடுங்கள். எனக்கு விருது வேண்டாம், அதற்கு வழியும் இல்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு, போன வருஷம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத அணியை இறுதிப் போட்டிவரை கொண்டு வந்தேன். கறக்கிற கை, மட்டையைப் பிடித்தால் விடாது என்று கண்டுபிடித்ததே எனக்கு ஒரு வருஷ வேலை. அது எவ்வளவு கஷ்டம் என்று இந்த லீக்கில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். யார் யாருக்குப் போட்டார்கள், என்ன காரணம் என்று செயலாளர் கூட்டத்தில் சத்தமாகப் படிப்பார் இல்லையா? உங்கள் பெயரோடு சேர்த்து ஒரு தடவை என் பெயரைப் படிக்கட்டும். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் உங்களோடு மூணாறு பஸ் ஏறுகிறேன். அப்பாவிடமும் சொல்லியாயிற்று.

யோகா

பள்ளிவாசல்
24.2.2025

என் யோகாவுக்கு,

கடிதத்தைப் பாக்டரி வாசலிலேயே நின்று படித்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. வீட்டைக் கழுவி விட்டிருக்கிறேன். நீ வருகிறாய் என்று பிள்ளைகளிடம் சொன்னதும் செல்வலட்சுமி குதித்தாள்.

என் ஓட்டைப் பற்றிக் கேட்டாய். அந்தச் சீட்டு உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே போய்விட்டது. செயலாளர் ஜானகியம்மாளிடம் திரும்பக் கேட்டேன், முத்திரை வைத்ததைத் தர முடியாது என்றார். யாருக்கு என்று இப்போது கேட்காதே. அப்போது என் நிலைமை அப்படி. கூட்டத்தில் சீட்டுகளைப் படிக்கிற நேரத்தில் நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் டீ குடி. பெயர் அறிவிக்கும்போது உள்ளே வந்தால் போதும். எனக்காக இதை மட்டும் செய்.

உன்
ராஜசேகர்

மீனாட்சிபுரம்
3.3.2025

பள்ளிவாசல் அணிப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

விருதுக்கு வாழ்த்துகள். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மைதானம் பிழைத்தது. செல்வலட்சுமியிடம் நான் சந்தோஷப்பட்டதாகச் சொல்லுங்கள், அது உண்மை.

நான் டீ குடிக்கப் போகவில்லை. ஜானகியம்மாள் முதலில் ஜெகனுடைய சீட்டைப் படித்தார்: ராஜசேகருக்கு. அடுத்து உங்களுடையது: ஜெகனுக்கு, காரணம் அணியின் ஒழுக்கம். நடுவரை அடிக்கப் போன அணி அது. பின்வரிசையில் சிரித்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று பேசி வைத்துக்கொண்டது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முதல் கடிதத்தில் என்னிடம் கெஞ்சும்போதே உங்கள் சீட்டில் என் பெயர் வர வேண்டிய இடத்தை ஜெகனுக்கு விற்றுவிட்டிருந்தீர்கள். கேட்டிருந்தால் அதற்கும் சம்மதித்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

மேடையில் நின்று என்னைத் தேடினீர்கள், பார்த்தேன். மூணாறு பஸ்ஸில் நான் இல்லாததற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். இனி எழுத வேண்டாம்.

என் அணியில் மருதாத்தாள் என்று ஒருத்தி இருக்கிறாள். இறுதிப் போட்டியில் உங்கள் கண் முன்னாலேயே மூன்று பந்துகளை மைதானத்துக்கு வெளியே அடித்தவள். உங்கள் சீட்டைப் படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "ஏனுங் டீச்சர், அந்த சாரு நம்ம மேட்ச்செல்லாம் பாக்கவே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தாரு கண்ணு, எல்லா மேட்ச்சும் பாத்தாரு" என்றேன்.

இப்படிக்கு,
யோகப்பிரியா
பயிற்சியாளர், மீனாட்சிபுரம் அணி