தண்ணீர் அரை மணி தாமதமாகவே வர வேண்டும்

அனுப்புநர்:
செ. நேசபாய் (வயது 51),
க/பெ. செல்வதாஸ்,
சானல்கரை வீடு, கைதவிளை,
குலசேகரம் வழி, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
சானல் பாசனப் பிரிவு அலுவலகம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: கைதவிளை கிளைச் சானலில் ஷட்டர் திறக்கும் லஸ்கர் திரு. சுயம்புராஜ் மீது நான் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குவதும், அவர் செய்த தாமதத்தையே உத்தரவாகப் போட வேண்டுவதும் தொடர்பாக.

பார்வை: எனது 10.07.2025 தேதியிட்ட புகார் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட புகாரை எழுதியவளும் நான்தான், அது தப்பு என்று இப்போது எழுதுபவளும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. சானலின் கடைசியில் எனக்கு நூற்றிருபது மூடு வாழை உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்கள் முறை. காலை ஏழு மணிக்கு ஷட்டர் திறக்க வேண்டும் என்பது ஆபீஸ் கணக்கு. சுயம்புராஜ் ஏழரைக்குத்தான் திறப்பார். ஏழு மணிக்கு அவர் என் தோட்டத்துப் பக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு, சானலுக்குள் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். எனக்கு ஆத்திரம் வந்தது. வேலை நேரத்தில் சிறுபிள்ளைகளோடு வீண்பேச்சு பேசித் தேவையில்லாத காலதாமதம் செய்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். தாங்கள் உடனே நடவடிக்கை எடுத்தீர்கள். அதற்கு நன்றி. அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

2. 09.08.2025 சனிக்கிழமை ஷட்டர் மிகச் சரியாக ஏழு மணிக்குத் திறந்தது. நான் மம்பட்டியோடு வரப்பில் ராணி மாதிரி நின்றேன். முதலில் குப்பையும் நுரையும் வந்தது. பிறகு ஒரு தோர்த்துத் துண்டு வந்தது. அடுத்து வந்தது பக்கத்து வீட்டு பிந்துவின் மகள் இந்துஜா. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

3. ஷட்டர் மூடியிருக்கும்போது பாலத்தின் அடியில் முட்டளவுதான் வெள்ளம் நிற்கும். பிள்ளைகள் தோர்த்து விரித்து மீன் பிடிக்கும். இந்துஜாவும் அப்படித்தான் இறங்கியிருக்கிறாள். கரை இரண்டும் சிமெண்ட் பூசி வழுக்குகிறது, பெரிய ஆளே பிடித்து ஏற முடியாது. நான் மம்பட்டியை எறிந்துவிட்டுத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன். வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. குடித்த வெள்ளத்தை எல்லாம் என் மேல் கக்கினாள். மூச்சு வந்ததும் முதல் கேள்வி, "மாமி, என் மீன் எங்கே?" என்பதுதான். இப்போது நன்றாக இருக்கிறாள். முடியைப் பிடித்ததற்காக என்னோடு மட்டும் பேசுவதில்லை.

4. அன்றைக்கே ஷட்டருக்குப் போய் சுயம்புராஜோடு சண்டை பிடித்தேன். "ஏன் ஓய், கரை பார்க்காமலா திறப்பீரு?" என்று கேட்டேன். அவர் சட்டைப் பையில் இருந்து தாங்கள் கொடுத்த மெமோவை எடுத்து நீட்டினார். 'வீண்பேச்சு', 'தேவையில்லாத காலதாமதம்' என்று இருந்தது. இரண்டும் என் சொந்த வார்த்தைகள். ஐயா, மெமோவை மடித்து நானே அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தேன்.

5. அவர் பேசியது வீண்பேச்சு இல்லை. "ஏலே மக்கா, வெள்ளம் வருது, கேறுங்கலே" என்று சானலின் வாலில் இருந்து ஷட்டர் வரை இரண்டரை கிலோமீட்டர் விளித்துக்கொண்டே போவார். கரைக்குக் கேறாத பிள்ளையின் செருப்பை எடுத்து சைக்கிளில் மாட்டுவார். பிள்ளை செருப்புக்காக அழுதுகொண்டே பின்னால் வரும். ஆறரைக்கே போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். அப்போது பிள்ளைகள் உறக்கத்தில் இருக்கும், அவர் தாண்டிப் போன பிறகு வந்து இறங்கும்.

6. ஆகவே மெமோவை ரத்து செய்து, ஷட்டர் ஏழரைக்குத்தான் திறக்க வேண்டும், அதற்கு முன் கரை பார்க்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட வேண்டுகிறேன். நாளை அவர் மாறிப் போனாலும் வருகிறவரும் விளிக்க வேண்டும். அவருக்கு ஒரு விசிலும், பாலத்தடியில் பிள்ளைகள் பிடித்து ஏற இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலியும் தேவை. 'இறங்காதே' என்று போர்டு மட்டும் வைக்க வேண்டாம். வைத்தால் அதில் துணி காயப் போடுவோம். தண்ணீர் அரை மணி பிந்தி வருவதில் எங்களுக்குச் சம்மதம் என்று இந்தச் சானலில் பாசனம் செய்யும் பதினொரு பேரும் கையொப்பமிட்ட தாள் இத்துடன் இருக்கிறது. வாழைக்கு மணி பார்க்கத் தெரியாது.

7. அடுத்த முறை வரும் 23ஆம் தேதி சனிக்கிழமை. அதற்குள் உத்தரவு வந்துவிடும் என்று நம்புகிறேன். வராவிட்டால், அன்று ஏழு மணிக்கு ஷட்டர் சக்கரத்தின் மேல் நான் உட்கார்ந்திருப்பேன். என் எடை எண்பத்தாறு கிலோ. கரையில் ஒரு பிள்ளையும் இல்லை என்று பிந்து முழுவதும் நடந்து பார்த்துப் போன் செய்த பிறகே எழும்புவேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: கைதவிளை
நாள்: 18.08.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. நேசபாய்

இணைப்பு: பதினொரு பேர் கையொப்பமிட்ட தாள் ஒன்று.