நம்பும்படியாக இல்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை நாமக்கல் போக வேண்டும்.

மகள் தேவிப்ரியா மத்தியானம் ராசிபுரத்திலிருந்து வந்தாள். வந்ததும் டீவியில் ஒரு ஆப்பை ஏற்றி, எந்தப் பட்டனை அழுத்தினால் எது வரும் என்று எனக்கும் அவள் அம்மாவுக்கும் காட்டிக் கொடுத்தாள். ஜீவாவின் படம் வெள்ளிக்கிழமை அதில்தான் வருகிறதாம். தியேட்டர் கிடையாது, நேராக வீட்டுக்கே. பன்னிரண்டு வருடம் சென்னையில் கிடந்து என் மகன் எடுத்த முதல் படம்.

என்னிடம் அவன் சொல்லவில்லை. எதையும் சொல்வதில்லை. எல்லாம் அவன் அம்மா பொன்னாத்தாள் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும்.

"அப்பாவும் பாக்கட்டுமான்னு கேட்டேனுங்க," என்றாள். "பாத்தாப் பாக்கட்டும், நான் பாருங்கன்னு சொல்லலைன்னுட்டான்."

பிப்ரவரி 7, வெள்ளி

பக்கத்து வீட்டுக் காளிதாஸும் அவன் சம்சாரமும் சாயங்காலம் படம் பார்க்க வந்தார்கள். காளிதாஸ் முட்டை லாரி வைத்திருக்கிறான். நல்ல மனுஷன். முறுக்குப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தான். பேர் போடும்போது "கதை, இயக்கம் – ஜீவா குமரகுரு" என்று வந்தது. காளிதாஸ் கை தட்டினான். அதில் என் பேரும் இருந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். படத்தில் ஒரு அப்பா வருகிறார். சர்க்கரை ஆலையில் குமாஸ்தா. என்னைப் போலவே சட்டைப் பையில் இரண்டு பேனா. பையன் டியூஷனுக்குப் போகாமல் சினிமாவுக்குப் போனதற்காக, சட்டையைக் கழற்றி முற்றத்து வெயிலில் நிறுத்துகிறார்.

பொன்னாத்தாள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"ஏனுங்ணா, எந்த அப்பனாச்சும் இப்பிடிப் பண்ணுவானா?" காளிதாஸ் சிரித்தான். "தம்பி ரொம்ப ஓவராப் போயிட்டாப்புல."

"சினிமாதானே," என்றேன்.

பிப்ரவரி 8, சனி

எழுத ஓடவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டிலிருந்தே பார்க்கும் படங்களைப் பற்றி ஜனங்கள் எழுதுகிற முகநூல் குழு ஒன்று இருக்கிறது. தேவிப்ரியா என்னையும் அதில் சேர்த்துவிட்டாள். ஏன் சேர்த்தாளோ. காலையிலிருந்து அதையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு அம்மாள் துணி மடித்துக்கொண்டே பார்த்தாளாம், ஒன்றும் நஷ்டமில்லை என்கிறாள். ஒருவர் ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தாராம், அப்படியும் முடியவில்லையாம். வேறு எதுவும் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று ஒருவர். குழந்தைகளோடு பார்க்கலாமா என்று ஒருவர் கேட்க, "பாருங்க, அவங்க தூங்கிருவாங்க" என்று பதில். அதற்கு நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள்: அப்பா கேரக்டர் நம்பும்படியாக இல்லை. பெத்த பிள்ளையை யாராவது இப்படிச் செய்வார்களா. பெற்றவர்களை வில்லனாகக் காட்டுவதே இவர்களுக்குப் பிழைப்பாகிவிட்டது. கடைசியில் அந்த அப்பா பையன் காலைப் பிடித்து அழுவது இன்னும் பெரிய பொய்.

அது பொய்தான். நான் அழவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்.

படத்தில் பையன் நிற்பது முற்றத்தில். சுற்றிலும் மதில். ஒரு மணி நேரம். கால்சட்டை போட்டிருக்கிறான். நடுவில் அம்மா வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கிறாள்.

நடந்தது தெருவில். 2008, மாசி மாதம். ஜீவா பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் டியூஷனுக்குப் போகாமல் நாமக்கல்லில் கொட்டகையில் உட்கார்ந்திருந்திருக்கிறான். ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும், "உங்க பையன் நல்லா படிக்கறானுங்க, தெனமும் மேட்னி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதானா? அவ்வளவுதானா காரணம்?

மறுநாள் காலை எட்டு மணிக்கு, இடுப்பில் ஒரு துண்டோடு ரோட்டோரம் நிறுத்தினேன். பொன்னாத்தாள் தடுக்க வந்தாள். அவளை வீட்டுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பள்ளிக்கூட வேன் வந்தது. அவன் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னைக்கு வரமாட்டான், நீங்க போங்க," என்றேன். எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன்!

பன்னிரண்டரை வரை நின்றான். கரும்பு டிராக்டர்கள் ஒவ்வொன்றாக ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. டிராக்டர்காரர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவன் அழவில்லை. அழுதிருந்தால் உள்ளே விட்டிருப்பேன். அவன் அழட்டும் என்றுதான் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நிழலில்.

அதற்கப்புறம் அவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. பதினேழு வருடம்.

பிப்ரவரி 12, புதன்

பொன்னாத்தாள் மிச்சப் படத்தைப் பார்த்துவிட்டாள். தனியாக, மத்தியானம். நான் வந்தபோது டீவியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கொறைச்சுத்தான் எடுத்திருக்கானுங்க," என்றாள்.

நான் மாத்திரையைத் தேடி எடுத்தேன்.

"நான் தண்ணி குடுக்கலைங்க. குடுத்த மாதிரி எடுத்திருக்கான்."

"உன்னையத்தான் நான் பூட்டி வெச்சிருந்தேனே."

"பின்கதவு இருந்துச்சுங்க. தொறந்துதான் கெடந்துச்சு." என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "உங்களுக்குப் பயந்துட்டுப் போகல."

பிப்ரவரி 14, வெள்ளி

ஜீவா அவளுக்குப் போன் செய்தான். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கர்தான்; எனக்கும் கேட்கும் என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த படத்துக்குப் பேசியிருந்த தயாரிப்பாளர் இந்தக் கருத்துகளையெல்லாம் படித்துவிட்டுப் பின்வாங்கிவிட்டாராம். ஜனங்களுக்கு ஒட்டாத கதையை எழுதுகிறாய் என்றாராம்.

"நல்லால்லைன்னு சொல்லட்டும்மா, பரவால்ல," என்றான். "ஒருத்தருமே நம்ப மாட்டேங்கறாங்கம்மா."

குரல் உடைந்துவிட்டது. பதினாறு வயதில் அழாதவன்.

நம்பச் செய்ய முடிந்தவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவன் இந்தக் கட்டிலில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதிப் போட்டுவிட்டேன். நான்கு தடவை எழுதி அழித்து, கடைசியில் இப்படி:

"இந்தப் படத்தின் டைரக்டர் என் மகன். அந்த அப்பா நான்தான். நடந்தது இதைவிட மோசம். முற்றத்தில் இல்லை, தெருவில், பள்ளி வேன் வரும் நேரத்தில், துண்டோடு நிறுத்தினேன். நாலரை மணி நேரம். தயவுசெய்து அவனைப் பொய்யன் என்று சொல்லாதீர்கள். – குமரகுரு, மோகனூர்."

போட்டதும் ஒரு நிம்மதி. இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நம்பவில்லை. படக்குழுவின் வேலை என்கிறார்கள். உதவி டைரக்டர் ஒருவன் பெரியவர் பேரில் எழுதுகிறான், விளம்பரத்துக்கு என்னவெல்லாம் செய்கிறார்கள் பாருங்கள் என்று ஒருவர். அழகாக எழுதியிருக்கிறார், படத்துக்கும் இவரையே வசனம் எழுத வைத்திருக்கலாம் என்று இன்னொருவர்.

சரி, முகத்துக்கு நேராகவே சொல்வோம் என்று காளிதாஸிடம் போனேன். முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். முழுக்கச் சொன்னேன். வேன், துண்டு, டிராக்டர், எல்லாம்.

கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தான். அப்புறம் தோளைத் தட்டினான்.

"அட உடுங்ணா. பெத்தவன் கண்டிக்காம வேற யாரு கண்டிப்பாங்க? எங்கய்யன் என்னைய கெணத்துல தள்ளியுட்டிருக்காரு. அதுக்கெல்லாம் படமா எடுப்பாங்க?"

படமாகப் பார்த்தபோது எந்த அப்பனும் செய்யமாட்டான் என்றவன். நான் செய்தேன் என்றதும், எந்த அப்பனும் செய்வதுதான் என்கிறான். ஒருத்தராவது என்னைப் பார்த்து, சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்கமாட்டார்களா.

சாயங்காலம் ஒரே ஒருத்தி நம்பினாள். பேர் ஸ்ரீதேவி. அவள் எழுதியது:

"உண்மைதான். நானும் அந்த வேனில் இருந்தேன். ஜீவா துண்டோடு நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிளஸ் டூ முடிகிற வரைக்கும் கிளாசில் அவனுக்கு 'துண்டு' என்றுதான் பேர். பாவம்."

அதன் கீழே அவனோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருக்கிறார்கள். டேய் துண்டு, எப்படிடா இருக்கே. துண்டு டைரக்டர் ஆயிட்டானா. சிரிக்கிற பொம்மை முகங்கள்.

எனக்குத் தெரியாது. அந்தப் பேர் எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. ஜீவா. என் நம்பருக்கே.

"சொல்லு சாமி," என்றேன்.

"அத அழிச்சிருங்கப்பா."

"நெசத்தத்தான எழுதுனேன்? யாரும் உன்னைய நம்பலைன்னுதான் –"

"தெருவுல நின்னவன நான் ஏன் முற்றத்துல நிக்க வெச்சு எடுத்தேன்னு உங்களுக்குப் புரியலையா?" சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் பேசினான். அதுதான் தாங்கவில்லை. "சுத்தியும் செவுரு வேணும்னு எடுத்தேன். யாரும் பாக்காத எடத்துல நிக்கட்டும்னு. நீங்க மறுபடியும் என்னைய இழுத்துட்டுப் போயித் தெருவுல நிறுத்தீட்டீங்கப்பா."

உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று வாய்வரை வந்தது. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன்.

"அழிச்சிடறேன்," என்றேன். போன் கட்டாகிவிட்டது.

எனக்கு அழிக்கத் தெரியவில்லை. தேவிப்ரியாவுக்குப் போன் போட்டு, அவள் சொல்லச் சொல்ல அழித்தேன். "ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்று அவளும் கேட்டாள். இப்போதா, அப்போதா, எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பொன்னாத்தாள் சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். நாமக்கல் பஸ் நிலையம் வரை போனேன்.

"நானும் வாரேன்," என்றேன்.

"வேண்டாமுங்க," என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பஸ் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். கையசைக்கவில்லை.

மார்ச் 1, சனி

ரசம் வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

படத்தைப் போட்டு, கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்தேன். அந்த அப்பா பையனின் காலைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிட்டேன் சாமி, தப்புப் பண்ணிட்டேன் என்கிறார். பையன் குனிந்து அவரைத் தூக்குகிறான்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் கேலி செய்திருந்தார்கள். எனக்கு மட்டும் வேறு மாதிரி தெரிந்தது. நடந்ததை எடுத்தவன், நடக்காததையும் ஒன்று சேர்த்து எடுத்திருக்கிறான். பாருங்கள் என்று சொல்லாமல் எனக்கு அனுப்பியது இந்தப் பத்து நிமிடத்தைத்தானோ? அவன் எனக்கு எழுதி வைத்திருந்த வசனம் அது. நான் அதைச் சொல்லாமல், ஊருக்கு வேறு ஒன்றை எழுதிப் போட்டேன்.

போனை எடுத்தேன். பத்துத் தடவை மணி அடித்தது. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பொன்னாத்தாள் காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். குளித்துவிட்டு வந்து, கேட்காமலே சொன்னாள்.

"ஒரு கொரியர் கம்பெனி ஆபீசுல சேந்துட்டானுங்க. ஒம்பதரைக்குப் போறான், ஆறரைக்கு வாரான். கூட இருந்த பசங்க அடுத்த கதை பேசலாம்னு வந்தாங்க. இனிமே எழுதலைன்னு அனுப்பிச்சுட்டான்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? பின்கதவப் பத்திச் சொன்னேன். எனக்கு அன்னைக்கே தெரியும்மா, பரவால்லம்மான்னான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பரவால்லைன்னு சொல்லிட்டானுங்க."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

காளிதாஸ் வந்திருந்தான். தம்பி அடுத்த படம் எப்போ என்றான். வேலைக்குப் போய்விட்டான், மாதச் சம்பளம் என்றேன்.

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"இப்பத்தானுங்ணா மனசு நெறஞ்சுது. பாத்தீங்களா, உங்க கண்டிப்பு வீண்போகல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது. கேரளாவுக்குப் போகிற லோடு பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே எழுந்து போனான்.