இஸ்க்ராவின் கால்மணி

கோரிட்சா,
புனித மிக்கேல் திருநாளுக்கு மறுநாள், 1328

அன்புத் தங்கை தேசாவுக்கு, அண்ணனின் ஆசீர்.

நேற்று ஆயர் என் கோயிலைப் பார்வையிட வந்தார். வருவார் என்று தெரியும். நான் பூசை வைக்கும்போதே வருவார் என்று தெரியாது. என் வேட்டை ராசாளி இஸ்க்ரா பீடத்துக் கிராதியில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தாள். ஊரே பார்க்க ஆயர், "ஏன்யா, முயல் ரத்தம் காயாத கையோட ஆண்டவரோட அப்பத்தைத் தூக்குறீரே, கூசலையா?" என்றார். பறவையா, கோயிலா, ஒன்றை விட்டுவிடு என்று சொல்லிப் போனார்.

உப்பு வண்டிக்காரனிடம் அவளை அனுப்புகிறேன். பச்சை இறைச்சி மட்டும் கொடு. நான் அழுதேன் என்று அவன் சொன்னால் நம்பாதே.

க்ரூபிஷா

ஓஸ்ட்ரோவ்,
புனித லூக்கா திருநாள்

அண்ணா,

இஸ்க்ரா வந்ததும் என் விரலைக் கிழித்தாள், நலமாகத்தான் இருக்கிறாள். உங்களைப் போல விசிலடித்தால்தான் தின்கிறாள். "உங்கண்ணன் சாமியாராப் போனதுக்கு வேடனாப் போயிருக்கலாம்" என்கிறார் இவர். மூத்தவனுக்கு நிலம், இளையவனுக்குக் கோயில் என்று அப்பா பங்கு போட்டபோது உங்களை யார் கேட்டார்கள்?

எங்கள் சாமியாரிடம் விசாரித்தேன். நாயும் பறவையுமாக ஆர்ப்பாட்டமாய் வேட்டையாடினால்தான் குற்றமாம். சத்தமில்லாமல் மீன் பிடித்தால் திருச்சபை ஒன்றும் சொல்லாதாம். பிடித்துப் பாருங்களேன்.

உங்கள் தேசா

கோரிட்சா,
சகல புனிதர் திருநாள் கழிந்த திங்கள்

தேசா,

மீன் பிடித்தேன். மீனுக்கும் எனக்கும் ஒரே அலுப்பு. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் வானத்தைப் பார்க்கிறேன்.

இன்று பூசையில் அப்பத்தைத் தூக்கினேன். கோயில்பிள்ளை மணியடித்தான். வேட்டையில் இஸ்க்ராவின் கால்மணி கேட்டதும் என் இடது கை தானாக நீளும், இன்றும் நீண்டுவிட்டது. அப்பம் வலது கையில் ஆடியது. ஆசீர் என்று நினைத்துக் கிழவிகள் குனிந்தார்கள். யாருக்காக நீட்டினேன் என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது.

அவள் உன்னிடம் இருந்தால் ஒருநாள் குதிரையேறி வந்துவிடுவேன். கால்மணியை அறுத்துப் பறக்கவிடு.

க்ரூபிஷா

கோரிட்சா,
புனித மார்ட்டின் திருநாள் கழிந்த மறுவாரம்

தேசா,

நீ அவளைப் பறக்கவிட்ட செய்தி கிடைத்தது. நேற்று பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் கூரையில் ஒரு ராசாளி. வாலில் அந்த முறிந்த இறகு, அவளேதான். புறா ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை உடையோடு நின்று விசிலடித்தேன். ஆமாம், அடித்தேன். கோயிலாவது ஆயராவது என்று கையையும் நீட்டினேன். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பாட்டைத் தொடர்ந்தாள். தின்று முடித்து, ஆற்றுப்பக்கம் பறந்துபோனாள்.

"உள்ள வாங்க சாமி, குளிருது" என்றான் கோயில்பிள்ளை. போனேன்.

வண்டிக்காரனிடம் என் வேட்டைக் கையுறையைக் கொடுத்திருக்கிறேன். முள் வெட்ட மாப்பிள்ளைக்கு உதவும். இடது கைக்கு மட்டும்தான் இருக்கிறது.

க்ரூபிஷா