சிவப்பு விளக்கும் சந்தனப் பொட்டும்

1957

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்றும் எரிந்தது. பண்டார் ஹிலிரில் துணிக்கடையைச் சாத்திவிட்டு வரும்போது, சந்தியில் கார் நின்றதும் அந்தச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. வேகம் எடுத்ததும் அணைந்தது. கப்பலேறிப் போன துரை இந்தப் பழைய காரை விற்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: இது எரிந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் ஓடவில்லை என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடு. சொன்னவர் போய்விட்டார். பயம் என்னிடம் தங்கிவிட்டது.

பூங்காவனத்திடம் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஏழு மாதம் முடிந்திருக்கிறது. அவளுக்கு எதற்கு இந்தக் கவலை?

ஆகஸ்ட் 14, புதன்

எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று யோசித்தபடியே வீடு வந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சங்கரன் பட்டறைக்குப் போனேன். இங்கே காஜா பேராங்கிலேயே, நம் தெருக்கோடியில். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பம். நெற்றியில் விபூதி, கும்பிடுவது மாரியம்மனை, பேச்சு மட்டும் மலாய். என் ஓட்டை மலாயை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்.

எண்ணெய் அளவு பார்த்தான், சரியாக இருந்தது. எஞ்சின் பக்கவாட்டில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு சுவிட்ச் திருகியிருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் அதுதான் விளக்கைப் போடுமாம். அதன் வயரைக் கழற்றினான், விளக்கு அணைந்தது. ஆகவே வயரில் கோளாறு இல்லை. பிறகு சுவிட்சையே கழற்றி, அந்த இடத்தில் தன் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டான். முள் நன்றாக ஏறி நின்றது. எஞ்சின் நலம், சுவிட்ச்தான் பொய் சொல்கிறது என்றான். புதிய சுவிட்ச் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும்.

"ஜாங்ஙான் தாக்குட்" என்று முதுகில் தட்டினான். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? இன்று பொய் சொல்கிற விளக்கு என்றைக்கு உண்மை சொல்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். ஊர் முழுக்கத் தோரணம், கொடி, விளக்கு. கூட்டத்துக்குள் கார் நத்தையாக ஊர்ந்தது. வழியெல்லாம் சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

"ஊரெல்லாம் வெளக்கு போட்டாங்கன்னு நம்ம காருக்குள்ளயும் போட்டுட்டாங்களா?" என்று பூங்காவனம் சிரித்தாள்.

சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்தத் தடவயும் லோரிக்குக் காத்திருக்க என்னால முடியாதுங்க."

இரண்டு வருஷத்துக்கு முன், அவள் தாய் வீட்டில், வலி கண்டபின் ரப்பர் தோட்டத்து லோரி வந்து சேரத் தாமதம். பாதி வழியில் பிறந்தது. அழவில்லை. அழவே இல்லை. அதற்காகத்தான் நான் இந்தக் காரையே வாங்கினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அவளைத் தோட்டத்தில் விட்டு வந்தேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "போன தடவ நடந்ததுக்காக மொறய விட்ற முடியுமா மாப்ள? தாய் வீட்டுக்கு வரட்டும். வலி கண்டா ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லி ஒங்க கடைக்குப் போன் போடுறேன். நீங்க வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் ருக்மணி அத்தை. எல்லாம் என் தலையில். இல்லை, இந்தக் காரின் தலையில்.

திரும்பும்போது விளக்கு வழியிலுள்ள குருபோங் ஊர் வரை எரிந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

சுவிட்ச் வந்துவிட்டது. மாட்டியாயிற்று. கார் நிற்கும்போதும் விளக்கு எரியவில்லை. சந்தியில் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன், அப்பாடா.

சூடேறி ஓடியபின் சுவிட்சின் அடி வளையம் படிந்து பிடி தளரும், இன்னும் ஒரு திருகு கொடுக்கவேண்டும் என்றான் சங்கரன். நாளை வரட்டுமா என்றேன். நாளை ஆயுத பூசை. ஸ்பானர்களையெல்லாம் கழுவித் துடைத்து சாமி முன்னால் அடுக்கிவிட்டான். நாளை மறுநாள் பூசை எடுத்தபிறகுதான் தொடுவானாம். நானும்தான் தொடச் சொல்வேனா?

அக்டோபர் 2, புதன்

காரைக் கழுவி மாலை போட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. தாராளமாகச் சந்தனம் குழைத்தேன். ஸ்டியரிங்கில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று. என்னைப் பாடாய்ப் படுத்திய அந்தச் சிவப்பு விளக்கின் மேலேயே பெரிதாக ஒன்று, நடுவில் குங்குமம்.

போதும், இனிக் கண்ணை மூடு என்று அதனிடம் சொன்னேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை எரிகிறது.

காலையில் போன் வந்தது. பறந்தேன். பூங்காவனம் முன் சீட்டில், அத்தை பின்னால், பிரசவ மருந்து கிளற வைத்திருந்த நல்லெண்ணெய் டின்னோடு. குருபோங்கை நெருங்கும்போது எஞ்சினில் ஏதோ தட்டுகிற சத்தம். ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா?

பூங்காவனம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "இந்தப் பொட்டோரத்துல என்னாங்க செவப்பா தெரியுது?" முந்தானையால் துடைத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக? கடவுளே, எவ்வளவு நேரமாக?

நிறுத்தினேன். புதுச் சுவிட்ச் லொடலொடத்து, எண்ணெயெல்லாம் வெளியே வழிந்திருந்தது. திருக ஸ்பானர் இல்லை. என்னிடம் இருக்கிற ஒரே ஸ்பானர் வீட்டில் சரஸ்வதி படத்தின் முன்னால் குங்குமத்தோடு இருக்கிறது. துண்டைச் சுற்றி விரலாலேயே திருகினேன். வெந்துவிட்டது. சரி, ஊற்ற எண்ணெய்க்கு எங்கே போவது? இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரு வண்டி வரவில்லை.

அத்தையின் டின்னைப் பார்த்தேன்.

"புள்ள பெத்தவளுக்கு வச்சது மாப்ள" என்றார். அப்புறம் அவரே மூடியைத் திறந்தார். "ஊத்துங்க. மொதல்ல பெக்கட்டும்."

முழு டின்னையும் ஊற்றினேன். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. விளக்கு அணைந்தது. அந்த விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாக, மெதுவாக ஓட்டினேன். கார் முழுக்கத் தோசைக்கடை வாசனை.

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெகு நேரமாகிறது. ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் சத்தம் இல்லாமல்

அக்டோபர் 4, வெள்ளி

அழுதாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

தாயும் மகளும் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தையும் புது டின்னோடு வந்திருக்கிறார். சங்கரன் சுவிட்சை இறுக்கி, நல்லெண்ணெயை வடித்து, எஞ்சினைக் கழுவிக் கொடுத்தான். தேய்மானம் கொஞ்சம் இருக்கிறதாம், ஆனால் ஓடும். குழந்தையைப் பார்த்து "அம்மன்" என்றான். அது அவன் தமிழ்.

மத்தியானம் குழந்தை ரொம்ப நேரம் சத்தமில்லாமல் தூங்கினாள். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"தூங்குற புள்ளய எழுப்பிடாதீங்க" என்றாள் பூங்காவனம்.

நான் எழுப்பவில்லை. விரல் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். வீடே அதிர அழ ஆரம்பித்தாள். பூங்காவனம் என்னைத் திட்டிக்கொண்டே ஓடி வந்தாள். நான் குழந்தையைத் தூக்காமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.