டீட்டா பிரசா

மார்ச் 9, 2025 – ஞாயிறு

கனடாவில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளின நாள். ஒரு மணித்தியால நித்திரை போச்சு.

விடியவே என்ர மனிசன் நிரூபன் போனோடு வந்தார். பிலிப்பைன்ஸ் ஆட்களுக்கென்று பேஸ்புக்கில் நாங்கள் போட்ட மண்டபச் சோடினை விளம்பரத்தை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தரும் மெசேஜ் போடவில்லை. "எங்கட சனத்திட்டையே ஓடர் எடுக்கேலாமல் கிடக்கு. உவை எங்க வரப்போகினம்?" என்றார்.

அவர் சொல்வதும் சரி. மார்க்கம் நகரத்தில் தெருவுக்கு ஒரு தமிழ் டெக்கரேசன்காரர். அதனால்தான் இந்த யோசனையே வந்தது. பிலிப்பைன்ஸ் குடும்பங்களில் பெட்டைக்குப் பதினெட்டு வயதாகும்போது 'டெபூ' என்று பெரிய விழா செய்வார்களாம். எங்கட சாமத்திய வீடு, பூப்புனித விழா மாதிரி.

இந்த வருசத்தோடு விடுவமோ? கராஜ் நிறையத் துணியும் பூவும். எனக்கு விட மனமில்லை.

மார்ச் 15 – சனி

மகள் அட்சயாவின் நீச்சல் வகுப்பு. அவளோடு நீந்தும் பெடியனின் தாய் வேரோனிக்கா, பிலிப்பைன்ஸ்காரி. வெக்கத்தை விட்டு விளம்பரத்தைக் காட்டினேன். பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தா. கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துத் தந்த அவையின்ர டகாலொக் பாசை பாடப்புத்தகம் மாதிரி இருக்காம். "நாங்களும் உங்கட பிள்ளையள் மாதிரித்தான், பாதி இங்கிலீஷ்." மரியாதைக்குக் கடைசியில் 'போ' என்று ஒரு சொல் சேர்க்க வேணுமாம். எங்கட 'ங்கோ' மாதிரி. மரியாதைக்குப் 'போ'! எனக்கு ஆளைக் கலைக்கிற மாதிரி இருக்கு.

"விளம்பரத்தில இருக்கிற இந்தப் பொம்பிளை ஆர்?" என்று கேட்டா. இன்டர்நெட்டில் வாங்கின படம் என்றேன்.

"நாங்கள் முதல் பாக்கிறது, இது ஆரின்ர மகள், ஆரின்ர மருமகள் எண்டுதான். ஒரு அன்ரி நல்லதெண்டு சொன்னால்தான் மற்ற அன்ரி கேப்பா. உங்கட படம் எங்க?"

போனை வாங்கிப் பைக்குள் வைத்தேன். வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழேயும் தோல் வெள்ளையாகப் படர்ந்த பிறகு ஒரு படத்துக்கும் நான் நிற்பதில்லை. ஆட்கள் வரமுதல் சோடித்துவிட்டு வெளிக்கிட்டுவிடுவேன். நல்ல காரியத்தில் என்னைக் கண்டால் சிலருக்கு முகம் மாறும். அதை எத்தனை தரம் பாக்கிறது?

ஏப்ரல் 12

வேரோனிக்காவின் மூத்தவள் ஸ்டெபனிக்கு ஜூனில் பதினெட்டு. டெபூச் சோடினை வேலை எங்களுக்குத்தானாம்! "உண்மையோ?" என்று நிரூபன் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

மே 28

ஸ்டெபனிக்கு ரோஸ் வேண்டாம், ஊதா வேண்டாம். காட்டுப் பச்சைதான் வேணுமாம். மணவறைத் தூணுக்குப் பச்சைத் துணி சுற்றிப் பார்த்தேன். எங்கட ஆட்கள் கண்டால் என்ன சொல்வினமோ. எனக்கு வடிவாய்த்தான் இருக்கு.

ஜூன் 14 – சனி

இப்பதான் வீட்டுக்கு வந்தோம். கால் உளையுது. சந்தோசம்.

சோடித்து முடித்து மண்டபத்தின் பின்கதவால் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். வேரோனிக்காவின் தமக்கை ஓடிவந்து கையைப் பிடித்தா. "டீட்டா, சாப்பிடாமல் போறதோ?" டீட்டா என்றால் அன்ரி. ஒரு தட்டு நிறைய நூடில்ஸ். தின்றுகொண்டே பார்த்தேன். பெடியன்கள் ஒவ்வொருத்தராக ரோசாப்பூவோடு வந்து ஸ்டெபனியோடு ஆடினார்கள். கடைசியாகத் தகப்பன். மனிசனுக்கு ஆடவே தெரியாது. சபை முழுக்கக் கண் கலங்கினது.

பிறகு படம் எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் கையால் வாயைப் பொத்தினேன். ஸ்டெபனி அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 15

போட்டிட்டினம். என்னைக் கேக்காமல் அந்தப் படத்தைப் பேஸ்புக்கில போட்டிட்டினம். முழு முகமும் தெரியுது — "டீட்டா பிரசாதான் சோடிச்சவ" எண்டு எங்கட கொம்பனிப் பேரும் சேர்த்து. காலமை முழுக்க அழுதன். உடன எடுங்கோ எண்டு வேரோனிக்காவுக்கு எழுதினன். ஏனோ அனுப்பேல்லை.

கீழே ஒருத்தி கேட்டிருக்கிறா, "அவவுக்கு முகத்தில என்ன?" அதுக்குக் கீழே ஸ்டெபனி: "அது அவவின்ர தோல். நவம்பருக்குச் சோடினை வேணுமெண்டால் இப்பவே கேளுங்கோ, நாளெல்லாம் நிரம்புது."

நாளெல்லாம் நிரம்புதாம்! ஒரு ஓடரும் இல்லாமல் இருக்கிற எனக்கு! அழுகைக்குள்ளே சிரிப்பு வந்துவிட்டது.

நிரூபன் படத்தைப் பெரிதாக்கிக் கனநேரம் பார்த்தார். "நல்லாய் இருக்கிறீர்" என்றார்.

பின்னேரம் வேரோனிக்கா போன் எடுத்தா. "முதல் உங்களைக் கேட்டிருக்க வேணும். பிழை என்ரதான். எடுத்துவிடட்டோ?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். சொன்னது நான்தானோ?

ஜூன் 18

முதல் மெசேஜ். முகத்தில் என்ன என்று கேட்டாவே, அவவேதான்! தங்கச்சியின் மகளுக்கு நவம்பரில் டெபூவாம், ஒஷாவா நகரில். மன்னிப்பும் கேட்டிருந்தா. மறுமொழி எழுதிக் கடைசியில் 'போ' சேர்த்தேன்.

ஓகஸ்ட் 3

இன்றைக்கு இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தர் தமிழ்.

செப்டெம்பர் 7 – ஞாயிறு

பிலிப்பைன்ஸ்காரருக்குச் செப்டெம்பரிலேயே கிறிஸ்மஸ், எங்கட நத்தார், தொடங்கிவிடுமாம். விளம்பரமும் இப்பவே வர வேணும் என்று வேரோனிக்காவின் கட்டளை. பின்வளவில் நத்தார்ச் சோடினை போட்டு வீடியோ எடுத்தோம். முதல்தரம் பக்கத்து வீட்டில் புல்லு வெட்டுகிற சத்தம். அடுத்த தரம் நான் சொல்ல வேண்டியதை மறந்து சிரித்துவிட்டேன். பிறகு நன்றாகத்தான் போனது. நடுவில் நிரூபன் போனைத் தூணுக்கும் பூவுக்கும் திருப்பினார்.

"அதைப் பிறகு எடுக்கலாம். என்ர முகத்தை எடுங்கோ" என்றேன்.

போனோடு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார்.