உன் முடிச்சை நான் பார்த்ததே இல்லை

என் வெள்ளையம்மாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. வரி பூண்டுப் பாத்தி போல நேராகப் போகவேண்டும் என்கிறார் வாத்தியார். எனக்கு ஆட்டுத்தடம் போலத்தான் போகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன், தெரியுமா? நம் மன்னவனூரில் சாயங்காலப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள். அங்கே அ, ஆ முடிந்ததும் நான் எழுதிப் பழகிய முதல் பெயர் உன்னுடையது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

இன்றைக்குச் சந்தோஷத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் பேத்திக்கு முடி எடுக்கப் பழனிக்குப் போனோம். கிழங்கு லாரியில் கொடைக்கானல், பஸ்ஸில் வத்தலக்குண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் பிள்ளை நம் மருமகள் ராசாத்தியின் முதுகில். உன் கண்டாங்கிச் சேலையில்தான் கட்டியிருந்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை அவளுக்கு. கையில் பை வேறு. உன் மகன் முருகேசன் தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான் அவன் சுமை.

அடிவாரத்தில் முடி எடுத்து, சந்தனம் பூசி, மலை ஏறினோம். பாதிப் படியில் ராசாத்தி உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. முருகேசன் இருபது படி மேலே நின்றுகொண்டு, "வெரசா வா, உச்சிக்காலப் பூசை முடிஞ்சிரும்" என்று கத்தினான்.

அந்தக் குரல் என் குரல், வெள்ளையம்மா.

அதே படி. முருகேசனுக்கு முடி எடுக்க நாம் வந்த அன்றைக்கு உன் முதுகில் இருந்தவன் இவன்தான். "கொஞ்ச நேரம் பிள்ளையப் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டாய். "பொம்பளச் சோலிய எங்கிட்டச் சொல்லாத" என்றேன். பிறகு நீ விழுந்த சத்தம் கேட்டது. பிள்ளைக்கு அடிபடக்கூடாது என்று முழங்காலைக் கொடுத்து விழுந்திருக்கிறாய். "ஒண்ணுமில்ல, தடுக்கிருச்சு" என்றாய். அதற்குப் பிறகு சாகும்வரை நொண்டித்தான் நடந்தாய். ஏன் என்னைத் திட்டவில்லை? ஒரு வார்த்தை ஏன் திட்டவில்லை?

பஸ் ரோடு வராத காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பிரம்பு நாற்காலியில் வைத்துக் கொடைக்கானல் மலை ஏற்றியவன் நான். பிள்ளை குலுங்கக்கூடாது என்று அடி அடியாகப் பார்த்து வைப்பேன். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். என் பிள்ளையை ஒரு படிகூடத் தூக்கவில்லை. என்ன மனுஷன் நான்?

ராசாத்தியிடமிருந்து சேலையை வாங்கி, பிள்ளையை என் முதுகில் வைத்துக் கட்டினேன். இரண்டு படி ஏறுவதற்குள் பிள்ளை சரிந்துவிட்டது. வீல் என்று அழுகை.

"ஐயோ மாமா, அது பூண்டு மூட்டைக் கட்டு! காலை ரெண்டு பக்கமும் விரிச்சு வைங்க. முடிச்சு நெஞ்சுக்கு வரணும்!" என்று ராசாத்தி ஓடிவந்தாள்.

இத்தனை வருஷம் நீ கட்டினாய். முடிச்சு எங்கே விழும் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எப்போதும் முன்னால் நடந்தவன்தானே.

அவள் கட்டிவிட்டாள், நான் ஏறினேன். "யாத்தே, தாத்தாவுக்குப் பிள்ள பொறந்திருக்கு!" என்று ஒருத்தி சிரித்தாள். "ஆமா தாயி, சுகப்பிரசவம்" என்றேன். முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை.

"இறக்கி விடுங்கப்பா. ஊரே பாக்குது."

"ஏலே, நான் மூட்டை சுமக்கையில பாக்காத ஊரு, உம் பிள்ளையச் சுமக்கையில பாக்குதோ? பாத்துட்டுப் போகட்டும். உங்காத்தா கால நொண்டியாக்குனவன் நான். நீ இவ கால நொண்டியாக்கப் போறியா?"

அவனுக்கு இது தெரியாது, வெள்ளையம்மா. நீ பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருக்கிறான். நடுப்படியில் அப்படியே நின்றுவிட்டான். பிறகு ராசாத்தியின் பையை வாங்கிக்கொண்டான். பையை மட்டும்.

உச்சியில் சாமியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. என் சட்டையெல்லாம் பிள்ளைத் தலைச் சந்தனம். முதுகில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு கதகதப்பு! இத்தனை வருஷமாக இதையும் உன்னிடமே விட்டுவிட்டு நடந்திருக்கிறேன்.

ராசாத்தியின் கால் நேராக இருக்கிறது. அது நேராகவே இருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

வருகிற ஞாயிறு எல்லோரும் கொடைக்கானல் சந்தைக்குப் போகிறோம். உன் சேலையை மடித்து, முருகேசன் துண்டு தொங்கும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அவன் எடுத்தானா இல்லையா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். எழுத்து இதைவிடக் கோணலாக இருந்தால் புரிந்துகொள். பிள்ளை என் முதுகில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் நடந்திருக்கவேண்டிய உன் வீட்டுக்காரன்,
மாரியப்பன்